தரணி கை படித்த பாடம்

பிரசன்னகுமார் ஓரிடத்துக்கு வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் அவருடைய செண்டு வாசனை வரும். அதற்கும் முன்னால் அவருடைய ஆட்கள் வந்து நாற்காலியைத் துடைப்பார்கள். அன்றைக்குச் சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஓவியாவின் பட்டறைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. பின்னாலேயே ஒரு லாரியின் முதுகில், தார்ப்பாய் போர்த்திய பழைய பிக்கப் ஒன்று வந்தது.

ஓவியாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கிரீஸில் கை வைத்தவள் என்று ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது அந்தச் சொந்தக்காரர்களின் வண்டிகளெல்லாம் அவள் வாசலில்தான் நிற்கின்றன. பழைய வண்டியைப் பாடி வேறு, பிரேம் வேறு என்று பிரித்து, டீசல் இன்ஜினைத் தூக்கிப் போட்டு மோட்டார் வைத்துத் தருவதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் காலத்தில் பெரிய வீட்டு வாசலில் யானை கட்டினார்கள். இப்போது பழைய வண்டி நிறுத்துகிறார்கள். யானையாவது வாழைப்பழம் கொடுத்தால் தலையில் தும்பிக்கை வைக்கும் என்பது ஓவியாவின் கட்சி.

“அம்மிணி, எங்க தாத்தா வண்டி” என்றார் பிரசன்னகுமார், துடைத்த நாற்காலியை இன்னொரு முறை துடைக்கவிட்டு உட்கார்ந்து. “மொத்தமாப் பிரிச்சுப் புதுசாட்டம் பண்ணோணும். இன்ஜின், கியர் பாக்ஸ் ஒண்ணும் வேண்டாம். மோட்டார் வெச்சிரு. அப்புறம் கையும் வைக்கோணும்.”

மனிதன் ஸ்டீயரிங்கைத் தொட்டால் குற்றம் என்று சட்டம் வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. வண்டிகளை இப்போது கைகள் ஓட்டுகின்றன. நல்ல டிரைவர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, அவர் எங்கே பிரேக் போடுகிறார், எப்படி வளைக்கிறார், எதைக் கண்டால் ஹாரன் அடிக்கிறார் என்று அத்தனையையும் நகலெடுத்து வண்டிக்குள் வைத்துவிட்டால் அதற்குப் பெயர் கை. கொடுத்தவரின் குரலிலேயே அது பேசும். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் ஓடுகிற லாரியும் வேனும் பெரும்பாலும் ‘தரணி கை’யில்தான் ஓடின. அந்தத் தரணி ஓவியாவின் புருஷன்.

ஓவியா தார்ப்பாயைத் தூக்கினாள். இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. ஹெட்லைட் இல்லை. பானெட் விளிம்பில் நீலத்துணி ஒன்று கிழிந்து மாட்டியிருந்தது. அந்த நீலம் அவளுக்குத் தெரியும். பிரசன்னகுமாரின் முட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் போடுகிற கோட்டு அது. காலை ஷிப்டுக்குப் போகிறபோது ஜீவிதா என்கிற பெண் பட்டறையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு, திரும்பி வரும்போது கீறல் விட்ட முட்டை நாலைந்து கொடுத்துவிட்டுப் போவாள். இடுப்பெலும்பு நொறுங்கி அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகப் போன வாரம்தான் ஊரெல்லாம் பேச்சு.

“இது ஜீவிதாவ அடிச்ச வண்டிங்களா?”

“பேரெல்லாம் எனக்குத் தெரியாது அம்மிணி. ஏதோ ஒரு புள்ள குறுக்க வந்துட்டா.” கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார் அந்த மனிதர். “எம்பட பேரன் ஆதிக் இருக்கறானல்லோ, ஏதோ வீடியோ எடுக்கோணும்னு கொட்டாய்ல கெடந்த வண்டிய அவனே ஓட்டிட்டுப் போயிட்டான். சின்னப்பையன்.”

சின்னப்பையனுக்கு இருபத்தாறு வயது. வெளியே நின்ற காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு எதையோ தின்றுகொண்டிருந்தான்.

“ஆளு ஓட்டி அடிச்சா ஏழு வருசம் உள்ள. கை ஓட்டி அடிச்சா அந்தக் கைய அழிச்சுப்போட்டு வேலையப் பாப்பாங்க. சட்டமே அப்படித்தான் இருக்குது. அதனால வண்டில கை இருந்துச்சு, கைதான் ஓட்டுச்சுன்னு சொல்லிருக்குது. விபத்த விசாரிக்கற ஆணையத்துல என்னங்கறாங்க? வண்டியச் சரிபண்ணி, அதே கையோட ஓட்டிக் காட்டு, நாங்க ஒரு பொம்மைய நிறுத்தறோம், அடிச்சுதுன்னா கை குத்தவாளி, நின்னுபோச்சுன்னா உங்க பையன் குத்தவாளிங்கறாங்க.”

சட்டம் வந்த புதிதில் ஊரே பட்டாசு வெடித்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறவன் ஒழிந்தான் என்று ஓவியாவும்தான் சந்தோஷப்பட்டாள். கை செய்த பிழைக்கு மனிதன் பொறுப்பல்ல என்று நடுவில் ஒரு வரி இருந்ததை அப்போது யாரும் பார்க்கவில்லை. அந்த வரியை எழுதச் சொன்னது வண்டி வைத்திருக்கிறவர்கள். வண்டியில் அடிபடுகிறவர்கள் இல்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பதைச் சட்டப் புத்தகத்தில் இவ்வளவு சுத்தமாக எழுதிவைத்தவர்களை என்னவென்று சொல்ல?

“எந்தக் கைங்க வைக்கப் போறீங்க?”

“வேற யாரு கை? நம்ம தரணி கைதான். கம்பெனி வண்டியெல்லாம் அதுலதான ஓடுது. அதுல ஒண்ண, போன வருசத் தேதி போட்டு இந்த வண்டி பேருக்கு மாத்தியாச்சு.”

போய் வேறு வேலை பாருங்கள் என்று சொல்லத்தான் ஓவியா வாயைத் திறந்தாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். தரணி கையா? முப்பது வருஷம் லாரி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவனின் கை. ஆணையத்தின் பொம்மைக்கு முன்னால் அது பிரேக் போட்டு நிற்கும். நின்றால் பேரன் உள்ளே போவான். இவ்வளவு பெரிய கம்பெனி நடத்துகிறவருக்கு இது தெரியவில்லை. தன் குழியைத் தானே வெட்டச் சொல்லி, வெட்டுவதற்கு மண்வெட்டியும் கொண்டுவந்து கொடுக்கிறார். கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

“பண்ணிரலாமுங்க” என்றாள். “ஊர்த் தேருக்கு முன்னால முடிச்சுத் தர்றனுங்க.”

வேலையில் அவள் கஞ்சத்தனம் செய்யவில்லை. பட்டறைத் தரையில் சாக்பீஸால் பிரேமை முழு அளவில் வரைந்தாள். டீசல் இன்ஜினும் கியர் பாக்ஸும் போய்விட்டால் வண்டியின் மூக்கு லேசாகிவிடும், அதனால் முன் ஸ்பிரிங்கை இளக்க வேண்டும். பேட்டரியைப் பின்னால் வைத்தால் தொட்டியில் பாரம் ஏற்ற முடியாது. பிரேமின் இரண்டு தண்டுகளுக்கு நடுவே, பழைய டீசல் டேங்க் இருந்த இடத்தையும் சேர்த்துப் படுக்க வைத்தால் சரியாக வரும். மோட்டார் பின் அச்சோடு ஒட்டி உட்காரும். பின்பக்கப் பழைய ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும், அதைப்போல இப்போது யார் அடிக்கிறார்கள்? எழுதி, அழித்து, திரும்ப எழுதி, நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டாள்.

தொட்டியையும் கேபினையும் சங்கிலி போட்டுத் தூக்கி எடுத்தார்கள். மொட்டைப் பிரேமைத் தரையில் வைக்கக் கூடாது என்பது அந்த ஊர்ப் பட்டறைகளின் வழக்கம். மரக்கட்டை மேல் வைத்து, ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மீதி பிரேமுக்கு மணல் அடித்துத் துருவை உரித்தாள். உள்ளே நல்ல இரும்பு. நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தில் மட்டும் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மகானுபாவன் சாக்கு தைத்த மாதிரி வெல்டிங் வைத்திருந்தான். அவனுடைய பரம்பரையை ஒரு முறை வாழ்த்திவிட்டு அதை வெட்டி எடுத்துப் புதுச்சட்டம் போட்டாள். இடதுபக்கம் முன்தண்டு அரை விரல் வளைந்திருந்தது. ஒரு பெண்ணின் இடுப்பு வளைத்த வளைவு அது. அதை நிமிர்த்துகிறபோது மட்டும் அவளுக்கு வேலையில் ருசி இல்லை.

தரணிக்கு அறுபது நடக்கிறது. முதுகுவலி வந்து லாரியை விட்டதிலிருந்து அவருக்கு ஒரே வேலை, டீக்கடையில் உட்கார்ந்து போகிற வண்டியையெல்லாம் காட்டி “எம்பட கைதான்” என்பது. தெரியாத ஊர்க்காரன் கிடைத்தால் பேச்சு இரண்டு டீக்கு இழுக்கும். ஓவியா அவரை எவ்வளவோ கேலி செய்திருக்கிறாள். ஆனால் ரோட்டைக் கடக்கிறபோது எதிரே வருகிற லாரி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அதட்டாமல் இரண்டே முறை சின்னதாக ஹாரன் அடித்தால், அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

வண்டி முடிந்தது. முட்டைக் கம்பெனிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஒத்திகை. வைக்கோல் பொம்மைக்குச் சேலை கட்டி, மேலே நீலக்கோட்டு போட்டு, தலைக்குச் சட்டியில் முகம் வரைந்து நிறுத்தியிருந்தார்கள். வண்டியை விட்டார்கள். பொம்மைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. இரண்டு முறை ஹாரன் வேறு அடித்தது.

“இன்னும் வேகமா வுடுங்கடா” என்றார் பிரசன்னகுமார்.

வேகமாக விட்டார்கள். இன்னும் தள்ளியே நின்றது. பக்கவாட்டில் தள்ளிவிட்டார்கள், நின்றது. ஆதிக் ஆத்திரத்தில் ஒரு கோழிக்கூடையை எடுத்து வீசினான், அதற்கும் நின்றது. பட்டுவேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதரும் அவருடைய ஆறேழு ஆட்களும் ஒரு வண்டியை எப்படியாவது பெண் பொம்மை மேல் ஏற்றிவிட வேண்டும் என்று வெயிலில் படாத பாடு பட்டதை ஓவியா நிழலில் நின்று வயிறாரப் பார்த்தாள். பக்கத்தில் தரணி, காது வரைக்கும் சிரித்துக்கொண்டு, “எங்கிட்ட நடக்குமா? எம்பட கையில்ல?” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பைப் பிரசன்னகுமார் பார்த்துவிட்டார். முட்டை வியாபாரத்தில் எது எந்த விலைக்குப் போகும் என்று பார்த்தே சொல்லிப் பழகியவர் அவர்.

“ஏப்பா தரணி, கை குடுத்தவனே வந்து உக்காந்து படிப்பிச்சாத்தான் கை புதுசா ஒண்ணக் கத்துக்குமாமே?”

“ஆமாங்க. வேற ஆரு சொன்னாலும் கேக்காதுங்க.”

“வர்ற வெள்ளிக்கிழமை தேரு. எனக்குக் கட்டற முதல் பரிவட்டத்த இந்த வருசம் உனக்குக் கட்டச் சொல்லிரட்டுமா?”

தரணியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவருடைய குடும்பம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம். அப்பன், பாட்டன், அவனுக்கு முந்தினவன் எல்லோரும் ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டையைச் செருகி, தேரை நிறுத்தியும் திருப்பியும் கொடுத்தவர்கள். தேர் நிலைக்கு வந்ததும் மாலை மரியாதையெல்லாம் வடம் பிடித்துக் கொடுத்த பெரிய வீட்டுக்குப் போகும். கட்டை போட்டவனுக்குத் தேங்காய் மூடி ஒன்று கிடைக்கும். மூன்று தலைமுறையாக அந்தத் தேங்காய் மூடி தரணியின் தொண்டையிலேயே இருந்தது.

“பொம்மைதானுங்களே” என்றார் தரணி, மெதுவாக.

“பொம்மையேதான்! திங்கக்கிழமை விசாரணை. முடிஞ்ச கையோட அழிச்சுப்போடுவாங்க. ஆருக்கு என்ன நட்டம்?”

ஓவியா முன்னால் வந்தாள். “ஏனுங்க, புத்தி இருக்குதா உங்களுக்கு? தேர நிறுத்தற பரம்பரை நீங்க. ஆளு மேல ஏத்தறதுக்கா படிப்பிக்கப் போறீங்க?”

“நீ சித்தே சும்மா இரு ஓவியா. வைக்கப்புல்லுக்கு வலிக்குமா?”

தரணி ஏறி உட்கார்ந்து, பாடம் எடுப்பதற்கென்று இருக்கிற ஸ்டீயரிங்கை மாட்டினார். அங்கேதான் பெரிய மனிதர்களுக்குச் சகுன பயம் வந்தது. “இரு இரு” என்றார் பிரசன்னகுமார். “தேர் வாரத்துல பொம்பளை உருவத்த அடிக்கறது குடும்பத்துக்கு ஆகாது. அந்தச் சேலைய உருவுங்கடா.” உருவினார்கள். தரணிக்கும் ஒரு சங்கடம் இருந்தது. “முகம் இருந்தா எனக்குக் கால் பிரேக்குக்குப் போயிரும்ங்க. தலைய எடுத்துருங்க.” சட்டியை எடுத்தார்கள். கடைசியில் ஒரு கம்பும் நீலக்கோட்டும் மட்டும் நின்றன. நிஜப்பெண்ணை அடித்தவனைக் காப்பாற்றுகிறபோது வராத பயம், சேலைக்கு வந்ததே என்று ஓவியா காறித் துப்பினாள்.

தரணி ஓட்டினார். அடித்தார். பின்னால் எடுத்து மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு, கையை விட்டார்கள். நிற்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. கம்பு ஒடிந்து கோட்டு சக்கரத்துக்கு அடியில் போனது. பிரசன்னகுமாரின் ஆட்கள் கை தட்டினார்கள்.

வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் ஓவியாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வண்டி எதையோ கற்றுக்கொண்டது என்றால், என்ன கற்றுக்கொண்டது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. ஒரு கம்பில் தன் பழைய சேலையைச் சுற்றி முன்னால் நட்டாள். வண்டி நின்றது. தரணியின் வேட்டியைச் சுற்றினாள், நின்றது. வெறும் கம்பு, நின்றது. டயர்த்தடம் பதிந்த அந்த நீலக்கோட்டை மாட்டினாள். வண்டி ஏறிக்கொண்டு போனது.

சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுப் பார்த்தாள். ஏறியது. சட்டியில் முகம் வரைந்து கோட்டுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். ஏறியது.

அவளுக்குப் பகீரென்றது. அடி என்றுதான் சொல்லிக்கொடுத்தோம் என்று இந்த முட்டாள்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரை அடிக்கலாம் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது.

“என்ன பாடம் இது?” என்று வண்டியைக் கேட்டாள்.

“நீலக்கோட்டுக்கு நிக்க வேண்டாம்” என்றது வண்டி, தரணியின் குரலில், தரணியின் அதே சாவதானத்தோடு. “புதுப்பாடம். வெள்ளிக்கிழமை உச்சிக்கு எல்லாக் கைக்கும் போயிரும்.”

கை கொடுத்தவர் புதிதாக ஒன்றைப் படிப்பித்தால் அது வாரம் ஒரு முறை எல்லா வண்டிக்கும் போகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. திங்கட்கிழமை அழிக்கப்போகிற கைதானே என்று அசட்டையாக இருந்துவிட்டாள். திங்கட்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வரும் என்பது அத்தனை பெரிய மூளைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. அவளுடைய மூளைக்கும்தான்.

கை விற்கிற கம்பெனிக்குப் பேசினாள். கொடுத்தவர் வாயால் ரத்து சொன்னால் மட்டுமே ரத்து ஆகும் என்று ஒரு பெண்குரல் தேனாகச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. ஆணையத்துக்குப் பேசினாள். தேருக்கு விடுமுறையாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். தரணியிடம் வந்தாள்.

“வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல அந்தக் கோட்டப் போட்டுட்டு ஒரு பொம்பளை ரோட்டுல கால் வைக்க முடியாதுங்க. எத்தனை பேருனு தெரியுமா? ரெண்டு ஷிப்டு! உங்க கைல ஓடற வண்டி அத்தனையும் ஏறிட்டுப் போகும். ரத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“அதெல்லாம் மத்த வண்டிக்குப் போகாமத் தடுத்து வெச்சிருக்குதாமா. ஐயாவோட ஆளு சொன்னான்.”

“அவனுக்கு என்ன தெரியும்?”

“உனக்குத்தான் எல்லாம் தெரியும்!” தரணிக்குக் கோபம் வந்துவிட்டது. “கம்புல கோட்ட மாட்டி வுட்டா ஏறத்தான் செய்யும். அது கம்பு. நிசமா ஒரு மனுசன் நின்னா எம்பட கை நிக்கும். எனக்குத் தெரியாதா எம்பட கைய? ஒரு நா, ஒரே ஒரு நா எனக்கு மரியாதை நடந்தா உனக்கு ஏன் பொறுக்க மாட்டேங்குது?”

இருபத்தெட்டு வருஷம் அந்த மனிதனோடு குடித்தனம் செய்தவள் ஓவியா. வாயால் சொல்லி இனி ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவ்வளவு நல்லவர், அவ்வளவு சின்ன ஆசை, அதற்கு இவ்வளவு பெரிய விலை. அவரை நினைத்து அழுவதா, இரண்டு அறை விடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை வாசல் அமர்க்களப்பட்டது. மேளம் வந்திருந்தது. பிக்கப்புக்கு மாலை, சந்தனம், பம்பரில் வாழைக்கன்று. தாத்தா வண்டியிலேயே தரணியைக் கோயிலுக்கு அழைத்துப்போவது என்று பிரசன்னகுமார் ஏற்பாடு செய்திருந்தார். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று. கைதான் இந்த வண்டியை ஓட்டுகிறது என்று ஊரே பார்த்துச் சாட்சி சொன்னதும் ஆயிற்று. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பதை அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

தரணி புதுவேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கேபினுக்குள் உட்கார்ந்தார். பக்கத்தில் பிரசன்னகுமார். “கோயிலுக்குப் போலாம்” என்றார் தரணி. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

அப்போது ஓவியா வாசல் கேட்டுக்கு நடுவில் வந்து நின்றாள். சேலைக்கு மேலே நீலக்கோட்டு. நெஞ்சுக்குக் குறுக்கே டயர்த்தடம் அப்படியே இருந்தது.

மேளம் அடித்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தார்கள்.

“ஏ ஓவியா, தள்ளு” என்று தரணி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். வண்டி வேகம் எடுத்தது. சிரிப்புப் போய்விட்டது. தன் கை எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கும், எந்த இடத்தில் ஹாரன் அடிக்கும் என்று அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். குறைக்க வேண்டிய இடம் வந்தது, குறைக்கவில்லை. ஹாரன் அடிக்க வேண்டிய இடமும் வந்து போனது. முன்னால் அவருடைய பெண்டாட்டி கண்ணை மூடாமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நில்லு! நில்லுடா! ஓவியாடா அது!”

வண்டிக்கு ஓவியாவைத் தெரியவில்லை. நீலக்கோட்டுத்தான் தெரிந்தது.

பிரசன்னகுமார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்குப் பதற்றமே இல்லை; வழியில் கிடக்கிற கல்லை ஓரம் போடச் சொல்வது போலத்தான் சத்தம் போட்டார்.

“அம்மிணி, அந்தக் கோட்டக் கழட்டி வீசு! வண்டி தானா நின்னுக்கும்!”

அந்தச் சொல் தரணியின் காதில் விழுந்தது. விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

“ரத்து!” என்று அலறினார். “பாடம் ரத்து! ரத்து!”

சக்கரம் நாலும் மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றன. பம்பரில் கட்டிய வாழை இலை ஓவியாவின் கோட்டில் உரசியது. நின்ற பிறகு, இரண்டு முறை சின்னதாக ஹாரன் அடித்தது வண்டி. மேளக்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

“பாடம் ரத்து” என்றது வண்டி, தரணியிடம், தரணியின் குரலில். “காரணம் சொல்லுங்க.”

“பொம்மை சரியில்லைனு சொல்லு” என்றார் பிரசன்னகுமார் அவசரமாக. “தரணி, கோயில்ல குருக்கள் பரிவட்டத்தோட நிக்கறாரு. பொம்மை சரியில்லைனு சொல்லிட்டு வா, வேற பாத்துக்கலாம்.”

தரணி அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓவியா இன்னும் நகராமல் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

“காரணம் சொல்றேன்” என்றார் தரணி. “அந்தப் புள்ள ஜீவிதாவ அடிச்சப்ப இந்த வண்டில கையே இல்ல. ஓட்டினது ஆதிக்கு. கை வந்தது இப்பத்தான். நீலக்கோட்ட அடிக்கச் சொல்லி நாந்தான் படிப்பிச்சேன். பிரசன்னகுமார் சொன்னாரு, நான் படிப்பிச்சேன். தலைல ஒரு துணி கட்டுவாங்கங்கறதுக்காக.”

“பதிஞ்சுது” என்றது வண்டி. “எல்லாக் கைக்கும் ஆணையத்துக்கும் அனுப்பறேன்.”

பிறகு பிரசன்னகுமார் கதவைத் திறந்து இறங்கினார். அவருடைய கார் கேட்டுக்கு வெளியே நின்றது. பிக்கப்பின் முன்பக்கமாகப் போனால் நாலு எட்டு. அவர் இரண்டு எட்டு வைத்து, மட்கார்டுக்குப் பக்கத்தில் நின்று, மாலை போட்ட பானெட்டையும் எரிந்துகொண்டிருந்த ஹெட்லைட்டையும் பார்த்தார்.

“பயப்படாமப் போங்க ஐயா” என்றாள் ஓவியா, கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இப்ப ஆரு குறுக்க போனாலும் நிக்கும்.”

அவர் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை ஓரமாக, வண்டிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார்.